மெக்கார்வி கூட்டத்துப் பந்தி

1

எங்கள் சமையலறை மேசையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் கட்டம் போட்ட துணியின் படம், நடுவில் ஒரு மான் தலை, அதன் கீழே என் குடும்பப் பெயர். ஆகஸ்டிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. என் மனைவி செலின் மேசையைத் துடைக்கும்போது அதைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள். திறக்க எனக்கு மனம் வரவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை, உள்ளே இருப்பது தின்கிற பொருள்.

அந்த டின் எப்படி வந்தது என்பதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். நீங்களும் அந்தக் கோபத்துக்கு வெளியே இல்லை.

என் பெயர் ஞானராஜ் மெக்கார்வி. கொங்குப் பக்கம் கணபதி ஊரில் பிறந்து வளர்ந்தவன். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், வால்வு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். செலினுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பதினாறு வயதில் ஒரே மகள், எஸ்தர்.

மெக்கார்வி என்ற பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்பதில் மர்மம் ஏதும் கிடையாது. என் அப்பாவின் பாட்டி மாராத்தாள். அன்னூர்ப் பக்கம் மழை பொய்த்த காலத்தில் கங்காணி ஒருவன் பின்னால் ஆனைமலைக்கு மேலே தேயிலை பறிக்கப் போனவள். அங்கே மெக்கார்வி என்று ஒரு துரை இருந்தார். மாராத்தாளுக்கு ஒரு பையன் பிறந்தான். பையனின் கண்ணைப் பார்த்த பாதிரியார் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஞானஸ்நானத்தின்போது துரையின் பெயரையே பின்னால் சேர்த்துவிட்டார். துரை மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. கப்பலேறிவிட்டார். கண்ணின் நிறம் அடுத்த தலைமுறையிலேயே போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கணபதியில் அப்பா ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். வாசலில் 'மெக்கார்வி இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று போர்டு. போர்டைப் பார்த்துவிட்டு வரும் புது ஆட்கள் எண்ணெய்க் கையோடு நிற்கும் அப்பாவிடமே கேட்பார்கள். "ஏனுங்க, துரை இருக்கறாருங்களா?" அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "நாந்தானுங்க துரை, என்ன கடையணும், சொல்லுங்க" என்பார். தெருவில் என்னைக் கூப்பிட்டதே 'வெள்ளைக்காரன்' என்றுதான். தெருவிலேயே கறுத்த பையன் நான். அதனால்தான் அந்தப் பெயர் அவ்வளவு நன்றாக நிலைத்தது.

இங்கே வந்தால் பெயருக்கு ஏற்ற ஊர் என்று நினைத்திருந்தேன். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். டாக்டரின் வரவேற்பறையில் "மிஸ்டர் மெக்கார்வி" என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்தால் எனக்குப் பின்னால் யாராவது எழுகிறார்களா என்று பார்ப்பார்கள். பார்சல் கொண்டுவருபவன் கதவைத் திறந்த என்னிடமே "வீட்டுக்காரர் இருக்கிறாரா?" என்று கேட்பான். அப்பாவைப்போல நானும் "நான்தான்" என்பேன். அப்பா சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

2

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் கொங்கு மண்ணில் பிறந்தவனுக்கு அது மரியாதையாகத்தான் வரும். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால் பேச்சில் 'ங்க' கூடிக்கொண்டே போகும். "நீங்க யோக்கியனுங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அடுத்தது கைகலப்புதான்.

அதே மரியாதையோடு எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

"ஏனுங்க தம்பி, எந்த ஊருங்க?"

"கணபதிங்க."

"சொந்த ஊருங்க?"

"அன்னூர்ப் பக்கமுங்க."

"அப்பிடீங்களா! நம்ம பக்கந்தான். என்ன கூட்டமுங்க?"

அங்கே எனக்குப் பேச்சு நின்றுவிடும். கூட்டம் என்றால் ஒரே முப்பாட்டன் வழி வந்த பங்காளிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு குலதெய்வம், வருஷத்துக்கு ஒரு நோம்பித் திருவிழா, அன்றைக்குப் பெரிய விருந்து. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. ஒருமுறை துணிந்து "மெக்கார்வி கூட்டமுங்க" என்றேன். கேட்டவர் சிரிக்கவில்லை. "அப்பிடீங்களா" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னோடு அப்பாவின் பட்டறையில் தொழில் பழகியவன் பழனிசாமி. அன்னூரில் தோட்டம் உள்ள குடும்பம். "எதுக்குடா பண்ணையம், தொழில் கத்துக்க" என்று அவன் அப்பா எங்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். பழனிக்கும் எனக்கும் ஒரே தட்டில் சோறு, ஒரே சைக்கிள். எங்களுக்கு இருபது வயதாக இருந்தபோது அவர்கள் கூட்டத்து நோம்பிக்கு என்னையும் பட்டறைக் கூட்டாளிகள் சிலரையும் கூட்டிப்போனான்.

அந்தப் பந்தியை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். அங்கே ஒரு முறை உண்டு. விருந்து கூட்டத்தாருடையது. ஆகவே பரிமாறுவது பங்காளிகள். எவ்வளவு பெரிய மில் முதலாளியானாலும் அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்குவார். சம்பந்தி வீட்டாரும் வெளியாட்களும் முதலில் உட்கார வேண்டும், பங்காளிகள் கடைசிப் பந்தியில். வாளி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டு ஆள். அதைப் பார்த்தாலே போதும், யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்கவே வேண்டியதில்லை.

கூட்டம் நெரிந்தது. இலை போட்டாயிற்று, சோறு விழுந்தாயிற்று, சாம்பாருக்கு ஆளில்லை. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினேன். பழனியின் அப்பா எங்கிருந்தோ வந்து வாளியின் பிடியில் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். அதுவரை என்னை "டேய் ஞானம்" என்று கூப்பிட்டவர் அவர்.

"வேண்டாமுங்க கண்ணு," என்றார். சிரித்த முகம். "நீங்க உக்காருங்க. நீங்க வெளியாளு."

உட்கார்ந்தேன். மரியாதைதானே, விருந்தாளிக்கு எதற்கு வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படி நினைக்கத்தான் பார்த்தேன். ஆனால் என்னோடு வந்த பட்டறைக் கூட்டாளிகளில் ஒருவன் அடுத்த வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டு போனான். அவனும் பழனியின் கூட்டம் இல்லை. அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மாராத்தாள் எந்தத் தெருவிலிருந்து மலையேறினாள் என்பது அன்னூரில் தெரியாதவர் இல்லை.

பழனி எனக்கு நேரே வந்து இலை நிறையப் போட்டான். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கடா, நல்லா தின்னு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தின்றேன். சாம்பார் நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

3

எங்கள் ஸ்காட்லாந்து ஊரின் மண்டபச் சுவரில் ஒரு பெரிய மரப்பலகை உண்டு. மெக்கார்வி என்ற பெயர் கொண்ட பிரபலங்கள் எல்லோரும் அதில் பொன்னெழுத்தில் இருக்கிறார்கள். ஒரு தளபதி. ஒரு பிஷப். ஆற்றுப் பாலம் கட்டிய எஞ்சினியர். நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஒரே ஒரு கோல் போட்ட கால்பந்துக்காரர். கடல் பறவைகளைப் படமாக வரைந்த ஒரு அம்மாள். ஆடு திருடி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஒருவனும் இருக்கிறான். அவன் பேரன்கள் அங்கே மேயர்களாம், அதில் இவர்களுக்குப் பெரிய பெருமை. கடைசியில் எங்கள் துரை. 'தென்னிந்திய மலைகளுக்குத் தேயிலை தந்தவர்' என்று எழுதியிருக்கிறார்கள்.

தந்தாராம்.

இந்தப் பெயர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் உலகெங்கும் இருந்து வந்து கூடுவார்கள். கட்டம் போட்ட பாவாடை, பைப் வாத்தியம், விருந்து. விருந்தின்போது பெயர்க்காரர்களில் இளையவர் ஒருவர் மேடையேறிப் பிரபலங்களின் பட்டியலை வாசிப்பார். கனடாவில் பிறந்தவனும் நியூசிலாந்தில் பிறந்தவளும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் எந்தக் கிளை என்பதுதான். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அன்னூர் பஸ் ஞாபகம் வந்தது.

இத்தனை வருஷம் நான் அந்தப் பக்கம் போனதில்லை. எஸ்தர்தான் இழுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் பலகையில் இருந்த எல்லோரையும் பற்றி எழுதினாள். தளபதி, பிஷப், ஆடு திருடி எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஆனைமலைத் துரையைப் பற்றி அவள் எழுதியிருந்த பத்தியை எனக்கு வாசித்துக் காட்டினாள். தேயிலை, பங்களா, புலி வேட்டை எல்லாம் இருந்தது.

"மாராத்தாள் எங்க?" என்று கேட்டேன்.

"அவங்களைப் பத்தி எதுவும் கிடைக்கலப்பா" என்றாள், நூலகத்தில் புத்தகம் கிடைக்கவில்லை என்பதுபோல.

நான் சொல்லித்தான் இருந்தேன், சின்ன வயதிலேயே. இட்லி ஊட்டும்போது சொன்ன கதை பள்ளிக்கூடக் கட்டுரையில் சேராது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தமிழில் சொன்னது அவளுக்கு வீட்டோடு நின்றுவிடுகிறது.

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. சங்கத்தின் செயலாளர் ஐலீன் என்ற அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனுஷி. அவர் எஸ்தரை அழைத்து இந்த வருஷம் பட்டியலை நீதான் வாசிக்க வேண்டும் என்றார். எஸ்தர் கண்ணாடி முன் நின்று வாசித்துப் பழகினாள். அவள் உச்சரிப்பு பிசகவே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஐலீனிடம் ஒன்று கேட்டேன். பலகையில் துரையின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி, மாராத்தாள் என்று. அதை எஸ்தர் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐலீன் குழுவிடம் கொண்டுபோனார். குழு யோசித்துப் பதில் சொன்னது. பலகை மெக்கார்வி என்ற பெயரைக் கொண்டவர்களுக்கானது. அந்தப் பெண்மணி அந்தப் பெயரைக் கொண்டவர் அல்லவே. மேலும், ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?

நான் ஆதாரம் என்று நின்றுகொண்டிருந்தேன். அது போதவில்லை.

மண்டபத்தில் துரையின் பங்களா வாசலில் எடுத்த பெரிய புகைப்படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். நாற்காலியில் துரைமார்கள், ஒவ்வொருவர் பெயரும் அடியில் அச்சாகியிருந்தது. துரையின் காலடியில் ஒரு நாய். அதன் பெயரும் இருந்தது, ராபி. பின்னால் கூடையோடு நிற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே சொல், 'கூலிகள்'. அதில் மாராத்தாள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. நாய்க்குப் பெயர் போட்டவனுக்கு அவர்களிடம் பெயர் கேட்க வாய் வரவில்லை. ஆடு திருடினவனுக்குப் பலகையில் இடம் இருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கு இல்லை.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். அவளாவது ஒரு கூட்டத்தில் சேரட்டும் என்று நினைத்தேன்.

4

அன்றைக்குச் செலினுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் எஸ்தரும் போனோம். கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, சங்கத்தார் கொடுத்த கட்டம் போட்ட டை. எஸ்தரை மேடைக்கு அருகே உட்காரவைத்தார்கள். எனக்கு இடம் கதவோரம் கடைசி மேசையில்.

விருந்து தொடங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர்க்காரர்கள் எல்லோரும் முதல் வரிசையில் உட்கார்ந்து தின்கிறார்கள்! பெண் கொடுத்த வீட்டார், அண்டை வீட்டார், ஊர்க் கிழவர்கள் எல்லோரும் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டையில் சம்பளத்துக்குப் பரிமாற வந்த பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். ஒரு மேசைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. பங்காளிகள் ஒருவர்கூட எழவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்களுக்காக இல்லை, என் கூட்டம் என்ற உரிமையில் வந்த வெட்கம் அது.

எழுந்தேன். டை குழம்பில் படக்கூடாதென்று சட்டைப் பொத்தானுக்குள் செருகிக்கொண்டேன். கையை மடித்துவிட்டேன். சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

யாரும் தட்டின் மேல் கை வைக்கவில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. கிழவர்களுக்கு முதலில் வைத்தேன், அப்புறம் அண்டை வீட்டாருக்கு. ஒரு கிழவர் "நல்ல பிள்ளை" என்று கையைத் தட்டிக்கொடுத்தார். என் வாழ்நாளில் முதன்முதலாக என் கூட்டத்துப் பந்தியில் பரிமாறுகிறேன் என்று எனக்குள் ஒரு குதூகலம். சிரிக்காதீர்கள். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

சங்கத் தலைவர் என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கி, காலியான குழம்புக் கிண்ணத்தைக் காட்டினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பங்காளி பங்காளியைக் கூப்பிடுகிறார் என்றே ஓடினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்கள் ஆட்கள் இதை எவ்வளவு அழகாகச் செய்கிறீர்கள்" என்றாள். அப்போதுதான் சுருக்கென்றது. டையைத் தொட்டுப் பார்த்தேன், சட்டைக்குள் இருந்தது.

வெளியே எடுப்பதற்குள் விருந்தைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் வந்து என் முழங்கையைப் பிடித்தான். பட்டியல் வாசிக்கப்போகிறார்கள், வேலையாட்கள் பார்வையில் படாமல் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், உங்களுக்குச் சாப்பாடு அப்புறம் பின்கட்டில் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எல்லா ஊரிலும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

சொல்லியிருக்கலாம், நானும் மெக்கார்விதான் என்று. வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எஸ்தர் வாசிக்கும் நேரத்தில் அந்த மண்டபத்தில் சத்தம் எழுந்திருக்கும். நான் அன்னூரில் கிளப்பாத சத்தத்தை இங்கே கிளப்பியிருப்பேன். கதவிடுக்கில் தட்டோடு நின்றேன்.

எஸ்தர் மேடையேறினாள். கதவுப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என் முழங்கையில் இருந்த அந்தப் பையனின் கையைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். தளபதி, பிஷப், எஞ்சினியர், கால்பந்துக்காரர் என்று வரிசையாக வாசித்தாள். குரல் கொஞ்சமும் தடுக்கவில்லை. கடைசியாகத் தென்னிந்திய மலைகளுக்குத் தேயிலை தந்தவர். மண்டபமே கைதட்டியது.

5

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நீங்க ஏன் ட்ரே எடுத்தீங்க?" என்றாள் எஸ்தர். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன். "யாரும் கேட்கலையே. நீங்களா எடுத்தீங்க. நீங்க எடுத்ததாலதான் அவங்க அப்படி நினைச்சாங்க."

"நீ பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பார்த்துட்டுத்தான் வாசிச்சேன். நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. போதுமா?"

அவள் அழுவது சத்தத்தில் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். அவள் மேல் இருந்த கோபம் அந்த அழுகையில் நழுவிப்போயிற்று, மற்றவர்கள் மேல் இருந்தது அப்படியே இருந்தது. அவளுக்குப் பந்தியின் முறையைச் சொன்னேன். கூட்டம் என்றால் என்ன, பங்காளி என்றால் யார், வாளியை யார் தூக்க வேண்டும், யார் உட்கார வேண்டும் எல்லாம் சொன்னேன். பரிமாறுவது வேலைக்காரன் வேலை இல்லை, வீட்டு ஆளின் உரிமை என்று சொன்னேன்.

கவனமாகக் கேட்டாள். பிறகு, "ஊர்ல உங்களுக்கு வாளி குடுப்பாங்களா?" என்றாள்.

நான் வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவை கூடவா?"

பழனியின் கூட்டத்து நோம்பியைச் சொன்னேன். சாம்பார் வாளியையும் அதன் பிடியில் விழுந்த கையையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் செலினுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"அப்போ இங்க மேசைல உட்கார மாட்டேன்னு ட்ரே தூக்கினீங்க, வேலைக்காரன்னாங்க. அங்க வாளி தூக்கினீங்க, உக்காருன்னாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு கூட்டமும் ஒண்ணுதான்ப்பா."

அவளுக்குத் தமிழ் ஒழுங்காக எழுதவராது. ஆனால் இருபது வயதிலிருந்து எனக்குச் சொல்லத் தெரியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

6

அடுத்த வாரம் ஐலீன் வீட்டுக்கே வந்தார், அந்த டின்னோடு. இனி பட்டியல் வாசிக்கமாட்டேன் என்று எஸ்தர் காரணத்தோடு அவரிடம் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்திருந்தது, உண்மையான வருத்தம். அடுத்த வருஷம் என்னைப் பைப் வாத்தியத்தோடு அழைத்துப்போய் முதல் மேசையில் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்களாம். மாராத்தாள் விஷயத்தைக் குழு மறுபடி யோசிக்குமாம்.

நாற்காலி தருகிறார்கள். எந்த ஊரிலும் எனக்கு நாற்காலிக்குப் பஞ்சமில்லை.

நன்றி என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எனக்குக் கோபப்படத் தெரியாது, 'ங்க' சேர்க்க அதில் இடமில்லை. அவர் போன பிறகு டின்னை மேசையில் வைத்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது.

எஸ்தர்தான் யோசனை சொன்னாள். டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். கணபதியில் அப்பாவின் பட்டறையை இப்போது என் அண்ணன் நடத்துகிறார். அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்தால் கையளவுதான். "கையளவு இருந்தா கூட்டம் இல்லையா? நாமளே பந்தி போடலாம். நாமளே பரிமாறலாம்" என்றாள். அண்ணனிடம் சொன்னதும், "அதுக்கென்ன, போட்டுடலாம்" என்று பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன் எஸ்தர் ஒரு பட்டியல் வாசிப்பாளாம். மெக்கார்வி பெயரின் பிரபலங்கள். முதல் பெயர் மாராத்தாள், அவள் அந்தப் பெயரைக் கொண்டவளோ இல்லையோ. அப்புறம் லேத் ஓட்டிய என் அப்பா. தளபதியும் பிஷப்பும் கிடையாது. துரையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டேன். "அவரோட நாய் பேர் கூட நமக்குத் தெரியும், அவரை விட்டா தப்பா போயிடும்" என்றாள். கடைசியில் சேர்த்திருக்கிறாள்.

யாரை அழைப்பது என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் தோன்றியது பழனி. அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவன் இப்போது அன்னூரில் சொந்தமாகப் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறான். போனில் கூப்பிட்டேன்.

"டேய் ஞானம்!" என்றான், காது அதிரும்படி. "என்றா இது, இத்தனை நாள் கழிச்சு! நொம்ப சந்தோசம்டா. குடும்பத்தோட வந்துபோடறேன். ஏண்டா, உங்களுக்கு ஆளு இருக்குதா? இருக்கிற நாலு பேர்ல எப்படிடா சமாளிப்பீங்க? நான் முன்கூட்டியே வந்தர்றேன். சாம்பார் வாளிய எங்கிட்டக் குடுத்துப்போடு, நான் பார்த்துக்கறேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மறந்துவிட அவனுக்கு வசதி இருந்தது.

எஸ்தர் எதிரே உட்கார்ந்து பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வேண்டாமுங்க," என்றேன். "நீங்க உக்காருங்க. நீங்க வெளியாளு."

 பழனி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"சரிங்க," என்றான்.

சொல்லிவிட்டால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் அவன் வருவான். முதல் பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான். சாம்பார் எஸ்தர் ஊற்றுவாள்.